அடியிலே பூச்சியம் வரலாமா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா என்றால் ஒரு குறளைச் சொல்லித் தொடங்கி, தாய்மொழியின் பெருமையைச் சொல்லி முடிப்பது வழக்கம். அதைச் செய்ய இந்த மேடையிலே என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியார். என் கடையில் இருக்கிற சரக்கைத்தானே நான் விற்க முடியும்? "ஐயையோ, இங்கேயுமா கணக்கு!" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. பயப்படாதீர்கள் தம்பி, இன்றைக்குப் பரீட்சை கிடையாது.

ஆனால் ஒரு காரணத்தோடுதான் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டேன். ஆறாம் ஆண்டு வரை தமிழிலே கணக்கு நன்றாகச் செய்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. முதல் படிவம் எப்படியோ ஓடிவிடுகிறது. இரண்டாம் படிவத்தில் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் பாடத்திலேயே காரணிப்படுத்துதலும் எழுத்துப் பின்னமும் வந்துவிடும். மலாய்ப் புத்தகத்தில் அதற்குப் 'பெச்சாஹான் அல்ஜெப்ரா' என்று பேர். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'விகிதமுறு கோவை' என்பார்கள். பேரைக் கேட்டாலே பாதிப் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். அங்கே பின்வாங்கிய பிள்ளை, நாலாம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்கத் தயங்குகிறது. கணிதத்தை விட்டால் பொறியியல் கதவு சாத்திக்கொள்கிறது. ஆகவே இது ஒரு பாடத்தின் கதை மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலக் கதை.

பின்னம் நமக்குப் புதிதல்ல

முதலில் தாய்மார்களைக் கேட்கிறேன். அரைப் படி அரிசி, கால் படி உளுந்து என்று அளக்கிறீர்களே, அது என்ன? பின்னம்தானே! நம் மொழியிலே பின்னத்துக்கு இருக்கிற பேர்களைக் கேளுங்கள். முக்கால், அரை, கால். காலிலே பாதி அரைக்கால், அதாவது 8-இல் 1. அதிலே பாதி வீசம், 16-இல் 1. 20-இல் 1 என்றால் மா. 80-இல் 1 என்றால் காணி. 320-இல் 1 என்றால் முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கிலே வந்து இறங்கிய நம் பாட்டன்மார் மூட்டையில் துணிமணி குறைவாக இருந்திருக்கலாம். நாவிலே அரைக்காலும் வீசமும் இருந்தன. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை பின்னத்தைக் கண்டு அஞ்சலாமா?

பின்னத்துக்கு இரண்டு மாடி. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே இருப்பது 'எவ்வளவு' என்று சொல்லும். கீழே இருப்பது 'எத்தனை பங்கு' என்று சொல்லும். அச்சிலே வசதிக்காக 12/18 என்று சாய்கோடு போட்டு எழுதுகிறேன். கோட்டுக்கு முன்னால் இருப்பது மேல்மாடி, பின்னால் இருப்பது கீழ்மாடி.

இந்த 12/18-ஐச் சுருக்கச் சொன்னால் நாலாம் ஆண்டுப் பிள்ளைகூட 2/3 என்று சொல்லிவிடும். எப்படி? 12 என்பது 6 × 2. 18 என்பது 6 × 3. இரண்டிலும் 6 பெருக்கலாக நிற்கிறது. இரண்டையும் அதனாலே வகுத்துவிடுகிறோம். இப்படிப் பெருக்கலாக நிற்பதற்குத்தான் காரணி என்று பேர். சுருக்குவது என்றால் பொதுக் காரணியால் வகுப்பது. இந்த ஒரு வரியை நெஞ்சிலே எழுதிக்கொள்ளுங்கள்.

அடிக்கிறது வேறே, வகுக்கிறது வேறே. சில பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள். 16/64 என்று எழுதி இரண்டு 6-ஐயும் அடித்துப் பாருங்கள். 1/4 என்று வரும். விடை சரிதான்! ஆனால் அது குருட்டு அதிர்ஷ்டம். அதே மாதிரி 12/24-இல் இரண்டு 2-ஐயும் அடித்தால் 1/4 வரும். உண்மையான விடை 1/2. ஒரு நாள் சரியாக வந்ததே என்று நம்பினால் மறுநாள் காலை வாரிவிடும்.

பிரட்டுக் களத்திலே ஓர் எழுத்து

இனி எழுத்துக்கு வருவோம். தெரியாத எண்ணுக்குப் பள்ளிப் புத்தகத்தில் எக்ஸ் என்று போடுவார்கள். நாம் 'ப' என்று வைத்துக்கொள்வோம்.

தோட்டத்துப் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தோட்டங்கள் பல தொழிற்பேட்டையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. இருந்தாலும் விடியற்காலையில் பேர் கூப்பிடுவதை அறிந்த பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். 12 பேர் வெட்டுகிற காட்டில் 6000 மரம். எல்லாரும் வந்தால் ஆளுக்கு 500 மரம். இன்றைக்கு ப பேர் வரவில்லை. அப்படியானால் வந்தவர்கள் 12 − ப பேர். ஆளுக்கு எத்தனை மரம்? 6000/(12 − ப). இதுதான் எழுத்துப் பின்னம். இரண்டு பேர் வராவிட்டால் 6000/10, அதாவது ஆளுக்கு 600 மரம். நாலு பேர் வராவிட்டால் 6000/8, அதாவது 750 மரம். வராதவர்களின் பாரம் வந்தவர்களின் தலையில். இது கங்காணிக்கும் தெரிந்த கணக்கு.

சரி, 12 பேருமே வரவில்லை. ப என்பது 12. இப்போது கீழ்மாடி 12 − 12, பூச்சியம். ஆளுக்கு எத்தனை மரம் என்று கிராணி கேட்டால் என்ன பதில் சொல்லுவது? ஆளே இல்லையே, ஆளுக்கு எத்தனை என்று எப்படிச் சொல்ல முடியும்! கேள்வியே பொருளற்றுப் போகிறது. ஆகவே அந்தப் பின்னத்தின் பக்கத்திலே ஒரு நிபந்தனை எழுத வேண்டும்: ப ≠ 12. ப என்பது 12-ஆக இருக்கக்கூடாது என்று படிக்க வேண்டும். கீழ்மாடியைப் பூச்சியமாக்கும் இந்த எண்ணுக்கு 'விலக்கப்பட்ட மதிப்பு' என்று பேர்.

கும்பகோணத்துச் சிறுவனின் கேள்வி

"வாத்தியாரே, பூச்சியத்தாலே வகுத்தால் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிப்போகும்?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். நல்ல கேள்வி. பெரிய பெரிய மேதைகளும் இதிலே தடுமாறியிருக்கிறார்கள். பூச்சியத்தை ஓர் எண்ணாகவே நடத்தி அதற்குக் கூட்டல் கழித்தல் விதிகளை 628-ஆம் ஆண்டில் எழுதியவர் பிரம்மகுப்தர். அவர் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் 'கணித சார சங்கிரகம்' எழுதிய மகாவீரர், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அது மாறாமல் அப்படியே இருக்கும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர், அது எல்லையற்றது என்றார். மூவரும் மூன்று விடை சொன்னார்கள். கடைசியில் கணித உலகம் என்ன முடிவுக்கு வந்தது?

வகுத்தல் என்பது பெருக்கலைத் திருப்பிப் பார்ப்பது. 12 ÷ 4 = 3. ஏன்? 3 × 4 = 12 என்பதால். இப்போது 5 ÷ 0 என்ன? எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் 5 வரும்? எதைப் பெருக்கினாலும் பூச்சியம்தான் வரும். ஆகவே விடையே இல்லை. சரி, 0 ÷ 0 என்ன? எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் வரும்? 1-உம் சரி, 7-உம் சரி, 500-உம் சரி. எல்லாமே சரி! ஒன்றில் விடையே இல்லை. மற்றொன்றில் எந்த விடையும் பொருந்தும். இரண்டுமே கணக்குக்கு உதவாது. அதனால்தான் பூச்சியத்தால் வகுக்காதே என்று கதவை அடைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவன். அப்பா புடவைக் கடையிலே கணக்கு எழுதுகிற குமாஸ்தா. வகுப்பிலே வாத்தியார், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 வரும் என்று பாடம் நடத்துகிறார். மூன்று பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று. சிறுவன் எழுந்து கேட்டானாம்: "பழமே இல்லை, ஆளும் இல்லை என்றால், அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா?" அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகமே வியந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவர் வாழ்க்கை வரலாற்றிலே சொல்லப்படும் நிகழ்ச்சி இது. கேள்வியைக் கவனியுங்கள். விதியை அவன் மறுக்கவில்லை. அந்த விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கேட்டான். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதைத்தான்.

சுருக்கினாலும் நிபந்தனை போகாது

இனி பாடத்தின் நடுப்பகுதி. (ப² − 9)/(ப − 3) என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டும்.

ப² − 9 என்பது ப² − 3². இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். அதைக் காரணிப்படுத்தினால் (ப − 3)(ப + 3). கீழே இருப்பது (ப − 3). பொதுக் காரணியால் வகுத்துவிட்டால் மிஞ்சுவது ப + 3. எவ்வளவு அழகாகச் சுருங்கிவிட்டது! பெரும்பாலான பிள்ளைகள் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வைக்கக்கூடாது. முதலில் கொடுத்த பின்னத்தில் ப − 3 கீழே இருந்தது. ப என்பது 3 ஆனால் அது பூச்சியமாகிவிடும். ஆகவே முழு விடை: ப + 3, ப ≠ 3.

"சுருக்கின பிறகு கீழே ஒன்றுமே இல்லையே, ப-க்கு 3 என்று போட்டால் 6 என்று வருகிறதே, அப்புறம் என்ன தடை?" என்று கேட்பீர்கள். இதை ஒரு காய்கறித் தோட்டத்தை வைத்துச் சொல்கிறேன். செவ்வகமான ஒரு துண்டு நிலம். பரப்பளவு ப² − 9 சதுர அடி. அகலம் ப − 3 அடி. நீளம் என்ன? பரப்பளவை அகலத்தால் வகுத்தால் நீளம், ப + 3 அடி. ப என்பது 10 என்றால் பரப்பளவு 91, அகலம் 7, நீளம் 13. கணக்கு கச்சிதமாக இருக்கிறது. ப என்பது 3 என்றால்? பரப்பளவு பூச்சியம், அகலமும் பூச்சியம். நிலமே இல்லை! இல்லாத நிலத்துக்கு நீளம் 6 அடி என்று பத்திரம் எழுத முடியுமா? 6 அடி என்றாலும் பொருந்தும், 600 அடி என்றாலும் பொருந்தும். எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே ப + 3 என்று சுருக்கி எழுதினாலும், 'ப என்பது 3 அல்லாத வரைக்கும்' என்ற சொல் கூடவே வர வேண்டும். ஆளைச் சுருக்கலாம், அவன் கொடுத்த வாக்கைச் சுருக்கக்கூடாது.

படம் வரைந்து பார்த்தாலும் இது தெரியும். ப + 3 என்பது ஒரு நேர்கோடு. கொடுத்த பின்னமும் அதே நேர்கோடுதான், ஆனால் ப = 3 என்ற இடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இல்லை. 1985-இல் திறந்த நம் பினாங்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 13.5 கிலோமீட்டர் நீளம். அதிலே ஒரே ஓர் இடத்தில் ஓர் ஊசித் துளை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு முழுப் பாலமாகத்தான் தெரியும். துளை எங்கே இருக்கிறது என்று பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்று படி

பிள்ளைகள் நினைவிலே வைத்துக்கொள்ள இதை மூன்று படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மேலும் கீழும் காரணிப்படுத்து. 
இரண்டாம் படி: எதையும் அடிப்பதற்கு முன்னால், கீழ்மாடியை எது பூச்சியமாக்கும் என்று பார்த்து ஓரத்திலே எழுதி வை. 
மூன்றாம் படி: பொதுக் காரணியால் வகு. ஓரத்தில் எழுதியதை விடையோடு சேர்த்து எழுது.

இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் இடம் மாற்றாதீர்கள். அடித்த பிறகு தேடினால் அடிபட்ட காரணியோடு நிபந்தனையும் போயிருக்கும்.

ஒன்றைச் செய்து பார்ப்போம். (ப² − 5ப + 6)/(ப² − 4).

மேலே: பெருக்கினால் 6, கூட்டினால் −5. அந்த இரண்டு எண்கள் −2, −3. ஆகவே (ப − 2)(ப − 3). கீழே: (ப − 2)(ப + 2). இப்போது ஓரத்திலே எழுதுங்கள்: ப ≠ 2, ப ≠ −2. பிறகு (ப − 2)-ஆல் வகுங்கள். விடை (ப − 3)/(ப + 2), ப ≠ 2, ப ≠ −2.

சரியா என்று சோதிக்க யாரையும் கேட்க வேண்டாம். ப-க்கு 5 என்று போடுங்கள். பழைய பின்னம்: 25 − 25 + 6 = 6; கீழே 25 − 4 = 21; 6/21 = 2/7. புதிய பின்னம்: 2/7. இரண்டும் ஒன்று. வீட்டிலே டியூஷன் வாத்தியார் இல்லாத பிள்ளைக்கு இந்தச் சோதனையே வாத்தியார். ஓர் எண் பொருந்தினால் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம், இரண்டு மூன்று எண் போட்டுப் பாருங்கள். பொருந்தாமல் போனால் எங்கேயோ பிழை என்பது மட்டும் நிச்சயம்.

இந்தக் கணக்கிலே இரண்டு தடை இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி அல்ல. ப = 2 என்ற இடத்தில் ஊசித் துளைதான். ப = −2 என்ற இடத்தில் பாலமே அறுந்துபோகிறது. ப-க்கு −1.9 போட்டால் விடை −49. −1.99 போட்டால் −499. அந்தப் பக்கமிருந்து −2.1 போட்டால் 51. −2.01 போட்டால் 501. ஒரு பக்கம் பாதாளத்துக்கும் மறுபக்கம் ஆகாயத்துக்கும் ஓடுகிறது. 'எல்லையற்றது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாததற்கும் இதுவே காரணம். எந்தப் பக்கத்து எல்லை?

எங்கே வழுக்குகிறது?

இந்தப் பாடத்தில் வழுக்குகிற இடம் மூன்று.

முதல் இடம், கூட்டலில் நிற்பதை அடிப்பது. (ப + 4)/4 என்று இருந்தால் இரண்டு 4-ஐயும் அடித்து 'ப' என்று எழுதுவது. ப-க்கு 8 போடுங்கள். 12/4 = 3. ஆனால் அடித்து எழுதியது 8 என்கிறது. எங்கே 3, எங்கே 8! கூட்டலால் பிரிந்து நிற்பது உறுப்பு. பெருக்கலால் கட்டுண்டு நிற்பது காரணி. காரணியைத்தான் வகுக்கலாம், உறுப்பைத் தொடக்கூடாது.

இரண்டாவது இடம், பூச்சியம் என்று தெரியாமலே பூச்சியத்தால் வகுப்பது. ஒரு வேடிக்கை பாருங்கள். ப = த என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ப-வால் பெருக்கினால் ப² = ப × த. இரு பக்கமும் த²-ஐக் கழித்தால் ப² − த² = ப × த − த². காரணிப்படுத்தினால் (ப − த)(ப + த) = த(ப − த). இரு பக்கமும் (ப − த)-வை அடித்தால் ப + த = த. இரண்டும் 1 என்றால் 2 = 1! ஒரு வெள்ளி கடன் வாங்கினவனிடம் இரண்டு வெள்ளி கேட்கலாம் போலிருக்கிறதே! திருட்டு எங்கே நடந்தது? ப-வும் த-வும் சமம் என்று முதல் வரியிலேயே சொன்னோம். அப்படியானால் ப − த என்பது பூச்சியம். பூச்சியத்தைப் போர்வை போர்த்திக் கொண்டுவந்து அதனாலே வகுத்துவிட்டோம். எழுத்துக் கணக்கிலே பூச்சியம் முகத்தைக் காட்டிக்கொண்டு வராது. அதனால்தான் இத்தனை எச்சரிக்கை.

மூன்றாவது இடம், சமன்பாடு. ப/(ப − 3) = 3/(ப − 3) என்று கொடுத்து ப என்ன என்று கேட்பார்கள். கீழே இரண்டும் ஒன்று, ஆகவே ப = 3 என்று எழுதத் தோன்றும். ஆனால் 3-ஐத்தான் முதலிலேயே விலக்கி வைத்தோமே! ஆகவே இந்தக் கணக்குக்கு விடை இல்லை. 'விடை இல்லை' என்று துணிந்து எழுதுவதுதான் இங்கே சரியான விடை.

உலகத்திலே இதற்கு என்ன வேலை?

"இதெல்லாம் பரீட்சைக்குத்தானே, வாழ்க்கைக்கு என்ன?" என்று கேட்கலாம். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் 'யார்க்டவுன்' என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. கணிப்பொறி வைத்து நவீனமாக்கிய கப்பல். ஒரு மாலுமி ஒரு கட்டத்திலே பூச்சியம் என்று பதிந்துவிட்டார். கணிப்பொறி அதனாலே வகுக்கப் போய்த் திகைத்து நின்றது. இயந்திரத்தை நடத்துகிற ஏற்பாடு முழுவதும் செயலிழந்து, அவ்வளவு பெரிய கப்பல் நடுக்கடலில் அசையாமல் நின்றது. பீரங்கி தாக்கி நிற்கவில்லை. கீழ்மாடியிலே ஒரு பூச்சியம்!

கப்பல் வேண்டாம், நம் ஊருக்கே வருவோம். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் ஏற்பட்ட நாள் முதல், நம் அண்ணன் தங்கைகள் எத்தனையோ பேர் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே இயந்திரத்துக்கு நிரல் எழுதுகிறவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று, வகுப்பதற்கு முன் கீழே பூச்சியமா என்று பார் என்பது. நம் பிள்ளை அந்த இயந்திரத்துக்குப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டுமா, இல்லை அதற்கு நிரல் எழுத வேண்டுமா? இந்தப் பாடம் அதற்கு ஒரு வாசற்படி.

பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும்

ராமானுஜனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில், இதே மாதிரி ஒரு விழாவில், கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை அவர் வாங்கினார். நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் இவனுக்குப் போதாது என்ற பொருள்படத் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அவரை அறிமுகப்படுத்தினார் என்று எழுதியிருக்கிறார்கள். தாள் வாங்கக் காசு பற்றாமல் சிலேட்டிலே கணக்குப் போட்டு, முழங்கையாலே அழித்து அழித்து எழுதியவர் அவர்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். வேறொரு கல்லூரியிலும் தேற முடியவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். 1913-இல் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கப்பல் ஏறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1920-இல், 32 வயதிலே, மறைந்தார்.

இதிலே நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. பரிசு வாங்கிய செல்வங்களே, ஒரு பாடத்திலே கெட்டிக்காரர் என்பதால் மற்றதை விட்டுவிடாதீர்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். கணக்கில் ஏ வாங்கினாலும் அந்த நிபந்தனை தள்ளுபடி ஆகாது. பரிசு வாங்காத செல்வங்களே, ஒரு தேர்விலே தோற்றதால் ராமானுஜன் கணக்கை விட்டுவிடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

பெற்றோர்களே, "எனக்கு அல்ஜெப்ரா தெரியாதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது?" என்று மனம் நோகாதீர்கள். நீங்கள் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை எழுத்துப் பின்னம் போடும்போது பக்கத்திலே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏம்மா, அடியிலே எது வரக்கூடாது?" அவ்வளவுதான். உங்களுக்குப் பதில் புரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளை நின்று, யோசித்து, உங்களுக்கு விளக்கிச் சொல்லத் தொடங்கும். விளக்கிச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாடம் தெரிந்துவிட்டது என்று பொருள். மொழி மாறினாலும் பூச்சியம் பூச்சியம்தான். தமிழிலே புரிந்துகொண்ட பிள்ளைக்கு அது மலாயிலே வந்தாலும் ஆங்கிலத்திலே வந்தாலும் அடையாளம் தெரியும்.

இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோகிற அண்ணன்மார் அக்காமார் போட்டுப் பார்க்க மூன்று கணக்கு தருகிறேன். ஒன்று, (ப² − 16)/(ப + 4). இரண்டு, (3ப − 6)/(ப² − 2ப). மூன்று, (5 − ப)/(ப − 5). விடையைக் கையால் மூடிக்கொண்டு போடுங்கள்: முதலாவது ப − 4, ப ≠ −4. இரண்டாவது 3/ப, ப ≠ 0, ப ≠ 2. மூன்றாவது −1, ப ≠ 5. மூன்றாவதில் ஏன் கழித்தல் குறி வந்தது என்று தெரியவில்லையா? 5 − ப என்பது −(ப − 5). மேலும் கீழும் ஒரே ஆள், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.